தெருவின் எந்தப் பக்கம்?

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் ஆரணி, தாதி வேலையில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு தென்னமெரிக்கா சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறாள். போகிற இடமெல்லாம் படம் எடுத்து என் கைபேசிக்கும் அனுப்புவாள். அவுஸ்திரேலியாவில், நோபல் பார்க்கில் முழங்கால் வலியோடு முடங்கிக் கிடக்கும் ஓய்வுபெற்றவனுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. மலை வந்தது, அருவி வந்தது, ஒட்டகத்துக்கும் செம்மறிக்கும் நடுவில் ஏதோ ஒரு மிருகம் அவளுடைய தொப்பியைக் கடிக்கிற படம் வந்தது. போன கிழமை வந்த படத்தைப் பார்த்துத்தான் கையில் இருந்த தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

படத்தில் பயப்பட ஒன்றுமில்லை. சாதாரண ஊர். ஒரு சதுக்கம், இரண்டு பக்கமும் கடைகள், நிலத்தில் ஒரு கோடு. ஆரணி ஒரு காலைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் மற்றக் காலை அந்தப் பக்கமும் வைத்து, கையை விரித்துச் சிரிக்கிறாள். கீழே எழுதியிருந்தாள்:

"அங்கிள், ஒரு கால் உருகுவே, மற்றக் கால் பிரேசில்! பாஸ்போர்ட் கூட ஒருத்தரும் கேக்கேல்லை. சோ ஃபன்னி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஊருக்கு நான் போனதில்லை. அந்தக் கோட்டைக் கண்ணால் காண்பதும் இதுதான் முதல் தடவை. ஆனால் எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு காலை, அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒளிந்திருந்த ஒரு மனிதனை இப்பால் வரச்சொல்லிக் கூப்பிட்டது நாங்கள்தான், சிட்னியில் கதிரையில் இருந்துகொண்டு. ஆரணிக்குப் பதில் எழுத உட்கார்ந்தவன், பதிலை விட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் சிட்னியில் வெளிநாட்டுத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஒபரேட்டராக இருந்தவன். கொழும்பில் அதே வேலை பார்த்ததால்தான் இங்கே எடுத்தார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காதில் கருவி, முன்னால் விளக்குகள், வாயில் மரியாதை. அவுஸ்திரேலியர் பேசும் ஆங்கிலம் விளங்குவதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும் விடக் கூடுதலான நாள் எடுத்தது. பரமட்டாவில் ஒரு அறை எடுத்து நானும் என் மனைவி பரமேசும் இருந்தோம். விடியற்புறத்தில் ரயில் பிடித்து நகரத்துக்குப் போவேன்.

இப்போது உள்ளவர்களுக்கு அந்த வேலையை விளக்குவது கஷ்டம். அன்றைக்குத் தென்னமெரிக்காவுக்கு வீட்டில் இருந்து நேராக எண்ணைச் சுழற்ற முடியாது. எங்களிடம் கேட்க வேண்டும். நாங்கள் அந்த நாட்டுப் பெரிய நகரில் இருக்கும் ஒபரேட்டரைப் பிடிப்போம். அவள் தன் நாட்டின் சின்ன ஊர் ஒபரேட்டரைப் பிடிப்பாள். அந்த ஊரில் கூப்பிடப்படுகிறவர் வீட்டில் தொலைபேசி இல்லாவிட்டால், ஊர் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஒரு சேவகனை வீட்டுக்கு அனுப்புவார்கள். "உங்களுக்கு இந்த நாட்டில் இருந்து அழைப்பு, வாருங்கள்" என்று சொல்வான். ஆள் எழும்பி எக்ஸ்சேஞ்சுக்கு வந்து, அங்கே உள்ள கூண்டுக்குள் நின்று பேசுவார். இதற்கு ஆள்விடு அழைப்பு என்று பெயர். குரல் ஆளிடம் போகாது, ஆள்தான் குரலிடம் வர வேண்டும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒபரேட்டர்களுக்குள் பெயர் சொல்லும் பழக்கமில்லை. ஊர்தான் பெயர். நான் சிட்னி. பேசுகிறவள் லண்டன், அல்லது சந்தியாகோ, அல்லது ரியோ. வருடக்கணக்காக ஒருத்தியின் குரலை, இருமலை, சலிப்பைக் கூட அறிந்திருப்போம். அவளுடைய பெயர் தெரியாது. கேட்டால் அது ஒழுங்கீனம்.

எங்கள் மேற்பார்வையாளர் ஹாலரன். மெலிந்து உயர்ந்த மனிதர். சட்டைக் கையை இறப்பர் வளையத்தால் மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, எங்கள் கதிரைகளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நடப்பார். குரலை உயர்த்தியதே இல்லை. பிழை விட்டால் கதிரையின் முதுகில் விரலால் இரண்டு தட்டு. அந்த இரண்டு தட்டைக் கேட்டால் எனக்கு முதுகு கூசும். சபாரத்தினம் என்ற என் பெயரை வந்த அன்றைக்கே சாம் என்று நறுக்கிவிட்டார். அவர் பேசியது ஆங்கிலம்தான், ஆனாலும் இத்தனை வருடம் கழித்து என் காதில் அவர் யாழ்ப்பாணத்துத் தலைமை வாத்தியாரைப் போலத்தான் பேசுகிறார்.

அவருக்கு ஒரு வெறி இருந்தது. கேட்ட அழைப்பு கிடைக்காமல் ஒருவரும் வீட்டுக்குப் போகக்கூடாது. அதற்காக அறைச் சுவர் முழுக்க ஒரு உலகப் படம் மாட்டி வைத்திருந்தார். புதிதாக வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார். என்னையும் கேட்டார்.

"சாம், தென்னமெரிக்காவில போர்த்துக்கீசம் பேசுற ஒரே நாடு பிரேசில். அதைச் சுத்தி ஸ்பானியம் பேசுற நாடுகள். அதில பிரேசிலைத் தொடாதது எது எது, சொல்லும் பாப்பம்."

நான் விரலால் எல்லையைத் தடவிக்கொண்டே போனேன். உருகுவே, ஆர்ஜென்ரீனா, பராகுவே, பொலிவியா, பெரு, கொலம்பியா, வெனிசுவேலா, எல்லாம் தொட்டுக்கொண்டு நின்றன. மேற்குக் கரையில் நெடுத்துக் கிடந்த சிலியும் மேலே எக்குவடோரும் மட்டும் தள்ளி நின்றன. சொன்னேன். கதிரையில் தட்டு விழவில்லை.

"சரி. இப்ப ஏன் கேட்டனான் எண்டு தெரியுமோ? ஒரு வீட்டுப் படலை பூட்டியிருந்தா என்ன செய்வீர்? பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால கூப்பிடுவீர். பிரேசிலுக்குப் பக்கத்து வீடு நிறைய இருக்கு. ஒரு வழி அடைபட்டா மற்ற வழியால போம்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனால் யாழ்ப்பாணத்தான் வேறொன்றும் அறிந்தவன். ஒரு சாண் நகர்ந்த வேலிக்காக வழக்குப் பேசக் கோடு ஏறி, தலைமுறைக்கு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த பரம்பரை நாங்கள். பக்கத்து வீட்டுக்காரன் எல்லா நேரமும் எங்களுக்காகக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டான். இதை ஹாலரனுக்குச் சொல்லவில்லை. மேலதிகாரியிடம் வேலிச் சண்டைக் கதை சொல்வதற்கு நான் என்ன விசரனா?

இனி மார்த்தா. எங்கள் மாடியைக் காலையில் கூட்டித் துடைக்கும் பெண். உருகுவேக்காரி. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது, சிட்னிக்கு உருகுவேயில் இருந்தும் சிலியில் இருந்தும் சனம் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. படித்தவர்கள் எல்லாம் துடைப்பத்தோடு நின்றார்கள். மார்த்தா ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. வந்த புதிதில் ஒருநாள் என் கதிரையை நகர்த்தச் சொல்ல ஆங்கிலம் வராமல், "கதேய்ரா, கதேய்ரா" என்றாள். நான் கதிரையை இழுத்துக் கொடுத்தேன். ஜன்னலைக் காட்டி "ஜனேலா" என்றாள். திறந்து விட்டேன். அவள் திகைத்துப்போய் நின்றாள். எங்கள் ஊரைப் போர்த்துக்கீசர் ஆண்டு, கதிரை, ஜன்னல் என்ற சொற்களை விட்டுப்போன கதையைச் சொன்னேன். ஸ்பானிய நாட்டுக்காரி ஏன் போர்த்துக்கீசம் பேசுகிறாள் என்று அதற்குப் பிறகுதான் எனக்கு யோசனை வந்தது.

"எங்கட ஊர் அப்பிடி" என்றாள், தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில். "அம்மா கோழியோட போர்த்துக்கீசம், பாதிரியாரோட ஸ்பானியம்."

அவளுடைய ஊர் ரிவேரா. உருகுவேயின் வடக்கு விளிம்பு. தெருவைக் கடந்தால் அடுத்த ஊர் லிவ்ரமென்டோ, அது பிரேசில். ஆறு இல்லை, மதில் இல்லை, கம்பி இல்லை. இந்தப் பக்கம் மருந்துக்கடை உருகுவே, அந்தப் பக்கம் பேக்கரி பிரேசில். பாண் வாங்க வேற்று நாட்டுக்குப் போய், சூடு ஆற முன்னம் சொந்த நாட்டுக்குத் திரும்பி வருவார்களாம். தீவில் பிறந்தவனுக்கு இதைக் கேட்டுத் தலை சுற்றியது. எனக்கு எல்லை என்றால் கடல்.

அன்று பின்னேரம் பரமேசுக்குச் சொன்னேன்.

"கடல் இல்லையோ?"

"இல்லை."

"ஆறு?"

"அதுவும் இல்லையப்பா. தெரு. வெறும் தெரு."

அவள் அரிசி களைந்த கையோடு நின்று யோசித்தாள். "எங்கட குசினிக்கும் கேற்றுக்கும் உள்ள தூரம். உதுக்கு ரெண்டு அரசாங்கம்!"

பிறகு மார்த்தா தம்பியைப் பற்றிச் சொன்னாள். ராவுல். இறைச்சித் தொழிற்சாலையில் தொழிற்சங்கக்காரன். கூட இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு போக, இவன் ஒருநாள் பாண் வாங்குகிறவனைப் போலத் தெருவைக் கடந்து பேக்கரிக்குள் போனவன்தான், திரும்பவில்லை. பேக்கரிக்காரர் மாவு மூட்டை அறையில் இடம் கொடுத்தார். அந்த அறைக்கு ஒரு சின்ன ஜன்னல். எதிர்ப்பக்கத்தில் அவர்களுடைய சொந்த வீடு தெரியும். காலையில் அம்மா கதவைத் திறந்தால் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வான். அம்மா அவனைப் பார்க்க வரக்கூடாது, வந்தால் பின்னால் ஆள் வரும். அவன் போனால் அவ்வளவுதான்.

கிழமைக்கு ஒருநாள், வேலை முடிந்ததும் மார்த்தா எங்கள் பயிற்சி அறையில் இருந்து பேக்கரிக்குப் பேசுவாள். காசு அவளுடையது, அனுமதி ஹாலரனுடையது. தம்பி ஒளிந்திருக்கிறான் என்பதை மட்டும் அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. அழைப்பைப் போடுகிறவன் நான். ஒவ்வொரு முறையும் அவள் என் தோளைத் தொட்டு ஒரே வார்த்தைதான் சொல்லுவாள்.

"சாம், பிரேசில் பக்கம். எப்பவும் பிரேசில் பக்கம்."

உருகுவேப் பக்கத்து ரிவேரா எக்ஸ்சேஞ்சும் எனக்குப் பழக்கம்தான். சிட்னியில் இருந்த மற்ற உருகுவேக்காரருக்கு அங்கே அடிக்கடி அழைப்புப் போடுவேன். அங்கே ஒரு பெண். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று குரலை வைத்து நினைத்துக்கொண்டேன். எங்களுக்குக் காலை என்றால் அவளுக்கு முதல்நாள் பின்னேரம், அப்படியிருந்தும் "காலை வணக்கம், சிட்னி" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எனக்காகச் சொல்லுவாள். ஆளைத் தேடிப் பிடிக்காமல் விட மாட்டாள். ஒருமுறை கிழவர் ஒருவர் குதிரைப் பந்தயத்தில் நிற்கிறார் என்று அங்கேயே சேவகனை அனுப்பிக் கூட்டிவந்தாள். அவள் எனக்கு ரிவேரா.

உருகுவே அழைப்புகளில் ஒரு விசேஷம் இருந்தது. தலைநகர் மொன்ரெவிடியோ இணைத்துக் கொடுத்ததும் ஒரு சின்ன 'டிக்' கேட்கும். பிறகு குரல்கள் கொஞ்சம் பள்ளத்துக்குள் போகும். யாரோ இடையில் காது வைக்கிறார்கள். ஒபரேட்டர்கள் எல்லோருக்கும் தெரியும். ஹாலரனிடம் சொன்னால், "அவங்கட லைன் பழசு, சாம்" என்பார். பொய் சொல்லவில்லை. அவர் பிறந்து வளர்ந்த ஊரில் அரசாங்கம் சனத்தின் பேச்சை ஒட்டுக்கேட்கும் என்று நினைத்துப் பார்க்கவே அவரால் முடியாது. அது நல்ல ஊரில் பிறந்தவர்களுக்கு உள்ள குறை.

அந்தக் காலையில் மார்த்தா ஓடிவந்தாள். தம்பிக்குக் குடிவரவு அனுமதி கிடைத்துவிட்டது. ஒரேயொரு நிபந்தனை, அவன் உடனே ரியோவுக்குப் போய் அவுஸ்திரேலிய அலுவலகத்தில் நேரில் நிற்க வேண்டும். நாள் கடந்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள், ஹாலரனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஹாலரனின் காது சிவந்துவிட்டது. "கோல் ரெடியானதும் கூப்பிடுறம், நீர் வேலையை முடியும்" என்று அனுப்பினார். அவள் வாளியோடு கீழ்மாடிக்கு இறங்கினாள், பாடிக்கொண்டு.

நான் பிரேசிலைப் பிடித்தேன். ரியோ கிடைத்தது, அதன் வழியாகத் தெற்கே போர்த்தோ அலெக்ரே கிடைத்தது. அங்கிருந்து லிவ்ரமென்டோவுக்குப் போகும் லைன் மழை வெள்ளத்தில் அறுந்துவிட்டதாம். எப்போது சரிவரும் என்று தெரியாது. ஹாலரனிடம் சொன்னேன். என் தேநீர் நேரம் வந்தது, மாற்று ஆள் வந்து உட்கார, எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது என் கதிரையில் ஹாலரன் இருந்தார். மாற்று ஆளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்திருக்கிறார். காதில் கருவி. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்னைக் கண்டதும் சுவர்ப் படத்தைக் காட்டிக் கண் சிமிட்டினார்.

"பிரேசில் படலை பூட்டு. அதால பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டிட்டன். ரிவேரா லைனில நிக்கிறா. தெருவைக் கடந்து ஒரு சேவகனை அனுப்பினா, பொடியன் வந்து பேசிட்டுப் போகலாம். மார்த்தாவுக்குச் சொல்லாதையும், வரட்டும், ஒரு சந்தோஷமா இருக்கட்டும்."

லைன் திறந்து கிடந்தது, நான் எதைச் சொன்னாலும் இடையில் இருக்கும் காதுக்கும் கேட்கும். சேவகன் போய்க் கூப்பிட்டால் ராவுல் எங்கே வர வேண்டும்? ரிவேரா எக்ஸ்சேஞ்சுக்கு. ரிவேரா எக்ஸ்சேஞ்ச் எங்கே இருக்கிறது? உருகுவேயில். சிட்னியில் இருந்து அக்கா கூப்பிடுகிறாள் என்றால், அவளுக்கு என்ன ஆபத்தோ என்று பதறிக்கொண்டு தெருவைக் கடந்து வருவான். வந்து கூண்டுக்குள் நிற்பான்.

பக்கத்தில் இருந்த துளையில் என் கருவியைச் செருகினேன். 'டிக்' எப்போதோ விழுந்துவிட்டது போலும். குரல்கள் பள்ளத்துக்குள் இருந்து வந்தன.

ஹாலரன் ராவுலின் முழுப் பெயரையும் சொல்லிவிட்டிருந்தார். மொன்ரெவிடியோ அதை ஸ்பானியத்தில் திருப்பிச் சொன்னது. ரிவேரா மூச்சு விடுகிற நேரம் கூட எடுக்கவில்லை.

"சிட்னி, அப்படி ஒருவர் இங்கே இல்லை."

குதிரைப் பந்தயத்துக்கு ஆள் விட்டவள் இவள். எந்த ஒபரேட்டரும் அப்படிச் சொல்ல மாட்டாள். முகவரி கேட்பாள், ஆள் அனுப்புவாள், காத்திருக்கச் சொல்வாள், கடைசியில்தான் கிடைக்கவில்லை என்பாள்.

"உங்கட ஊரில இல்லை அம்மா" என்றார் ஹாலரன் பொறுமையாக. "தெருவுக்கு அந்தப் பக்கம், லிவ்ரமென்டோவில. இடத்தைச் சொல்லுறன், எழுதும்."

"கேட்கவில்லை, சிட்னி."

"லிவ்ரமென்டோ! தெருவுக்கு அந்தப் பக்கம்!"

"கேட்கவில்லை, சிட்னி. ஒன்றும் கேட்கவில்லை."

அவளுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தம் எனக்குக் கேட்கிறது. அவள் கதிரை கிரீச்சிடுவது கேட்கிறது. லைன் அவ்வளவு தெளிவு. எங்கள் குரல் மட்டும் அவளுக்குக் கேட்கவில்லையாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் எங்களை வாயை மூடச் சொல்கிறாள். அரசாங்கத்தின் காது நடுவில் இருக்கும்போது அதை வேறு எந்த விதமாகச் சொல்ல முடியும்?

ஹாலரன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "சோம்பேறிப் பெண்!" என்று என் பக்கம் திரும்பி முணுமுணுத்துவிட்டு, அழைப்புச் சீட்டைக் கையில் எடுத்தார். அதில் பேக்கரியின் பெயர் இருந்தது. கண்ணாடியைச் சரிசெய்து, எழுத்து எழுத்தாகச் சொல்ல வாயைத் திறந்தார்.

நான் அவர் தோளுக்கு மேலால் கையை நீட்டி இணைப்பை அறுக்கும் விசையை அழுத்தினேன். விளக்கு அணைந்தது.

உயிரோடு இருக்கும் இணைப்பை ஒபரேட்டர் தானாக அறுப்பது எங்கள் தொழிலில் கொலைக்குச் சமம். அதுவும் மேற்பார்வையாளர் பேசிக்கொண்டிருக்கும்போது. வரிசை முழுக்கத் தலைகள் திரும்பின. ஹாலரன் கருவியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் கூட இல்லை, அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சாம்? என்ன செய்தனீர்?"

"சேர், அவன் அந்தத் தெருவைக் கடக்கக்கூடாது."

"ஒரு தெருதானே, சாம்."

"இந்தப் பக்கம் வந்தா பிடிச்சுப் போடுவாங்கள் சேர். அதுக்குத்தான் அந்தப் பக்கம் ஒளிச்சிருக்கிறான். நீங்கள் அவன்ர பேரை அவங்கட காதுக்குள்ளயே சொல்லிப் போட்டியள்."

அவர் சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ அதில் எழுதியிருக்கும், இத்தனை நாள் தான் கவனிக்கவில்லை என்பது போல.

அந்த நேரம் பார்த்து மார்த்தா வாளியோடு உள்ளே வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்துப் பாட்டை நிறுத்தினாள்.

"கோல்? வந்ததா?"

ஹாலரன் கையில் இருந்த அழைப்புச் சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"எந்தப் பக்கம்?" என்றாள் மெதுவாக. பிறகு அலறினாள். "சாம்! எந்தப் பக்கம்?"

நான் சொன்னேன். வேறு யார் சொல்வது? அவள் வாளியை வைக்கவில்லை, அது கையை விட்டு விழுந்தது. தண்ணீர் எங்கள் சப்பாத்துகளுக்குக் கீழே ஓடியது. அவள் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. ஹாலரன் அந்தத் தண்ணீருக்குள் அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். என்னென்னவோ சொன்னார். அவளுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அன்று பகல் முழுக்க ஹாலரன் என் கதிரையை விட்டு எழும்பவில்லை. போர்த்தோ அலெக்ரேயைப் பிடிப்பார், லிவ்ரமென்டோ கேட்பார், இல்லை என்பார்கள், கொஞ்சம் பொறுத்து மறுபடி பிடிப்பார். சாப்பிடவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ப் பரமேசிடம் சொன்னபோது அவள் என்னை ஏசவில்லை, ஹாலரனையும் ஏசவில்லை. "அந்த ரிவேராக்காரி தப்பிச்சிடுவாவோ?" என்று மட்டும் கேட்டாள். எங்கள் ஒருவருக்கும் அந்த எண்ணம் அதுவரை வரவே இல்லை.

அடுத்த நாள் காலை லைன் சரிவந்தது. பேக்கரிக்காரரின் மனைவி எடுத்தாள். மார்த்தா கேட்டுக் கேட்டு எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். இரவோடு இரவாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். உருகுவேக்காரர் மட்டுமில்லை, பிரேசில் பொலிசும் கூட. மொழி வேறு, கொடி வேறு, ஆனால் சேர்ந்துதான் வந்தார்கள். எந்த வீடு என்று தெரியாததால் தெருவின் ஒரு தலையில் தொடங்கி வீடு வீடாகப் புகுந்து, கடைசியில் பேக்கரிக்கும் வந்து மாவு மூட்டைகளைக் கத்தியால் குத்திப் பார்த்தார்கள்.

ராவுல் அங்கே இல்லை.

அதற்கு முதல் பின்னேரம், கடை பூட்டுகிற நேரம், மழையில் நனைந்தபடி ரிவேராப் பக்கத்தில் இருந்து ஒரு பெண் தெருவைக் கடந்து வந்தாளாம். தொலைபேசிக்காரி. மிஞ்சிப் போன பாண் ஒன்று வாங்கினாள். காசைக் கொடுக்கும்போது, "உங்கள் விருந்தாளி இன்றைக்கே பயணம் போவது நல்லது" என்றாள். பாணைத் துணிக்குள் சுற்றிக்கொண்டு திரும்பத் தெருவைக் கடந்து போய்விட்டாள். எல்லைத் தெருவில் எக்ஸ்சேஞ்சில் இருப்பவளுக்கு யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்பது தெரியாமலா இருக்கும்? ராவுல் மாவு வண்டியில் ஏறிப் போர்த்தோ அலெக்ரேக்குப் போய்விட்டான். அங்கிருந்து ரியோ.

மார்த்தா ஒலிவாங்கியை முத்தமிட்டாள். ஹாலரன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. நானும்தான் அழுதேன், வெட்கமில்லை.

"அவவின்ர பேரைக் கேள், மார்த்தா" என்றேன். வழக்கத்தை மீறித்தான் கேட்டேன்.

முதல்நாள் நடந்ததைச் சொல்லி மார்த்தா கேட்டாள். பேக்கரிக்காரி என்ன சொன்னாள் என்று எங்களுக்குத் திருப்பிச் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"கம்பியில பேர் சொல்ல மாட்டாவாம். பேர் சொன்னா என்ன நடக்கும் எண்டு நேற்று நீங்கள்தான் அவைக்குக் காட்டினீங்களாம்."

ராவுல் அந்த வருட முடிவுக்குள் சிட்னிக்கு வந்து சேர்ந்தான். கட்டை மனிதன், கூச்ச சுபாவம். அவனை எனக்குப் பிடித்துக்கொண்டது. அவனுக்கும் அவள் பெயர் தெரியாது. ஜன்னலால் பார்த்திருக்கிறான், வேலைக்குப் போகும்போது குடையை விரிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடக்கும் ஒரு பெண், அவ்வளவுதான். விசையை அழுத்தியதற்கு என் மேல் விசாரணை நடக்கவில்லை. ஹாலரன் மேலே என்ன சொல்லிச் சமாளித்தார் என்று கேட்கவுமில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் பிரேசிலைத் தொடாத நாடுகள் எவை என்று அவர் அதற்குப் பிறகு கேட்டதில்லை. "உமது கோல் ஆர் ஆருடைய காதுக்குள்ளால போகுது?" என்று கேட்கத் தொடங்கினார்.

இதோடு முடிந்திருந்தால் ஆரணியின் படத்துக்கு நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

அந்தச் சம்பவம் நடந்து கொஞ்ச நாளில், வேறொரு உருகுவேக்காரருக்காக நான் ரிவேராவுக்கு அழைப்புப் போட்டேன். மொன்ரெவிடியோ இணைத்தது. 'டிக்'. "காலை வணக்கம், சிட்னி" என்று வரும் என்று காத்திருந்தேன். நன்றி சொல்ல முடியாது, ஆனால் பதிலுக்கு வணக்கத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம், அவளுக்கு விளங்கும் என்று முதல்நாளே யோசித்து வைத்திருந்தேன்.

ஒரு ஆணின் குரல் வந்தது. இளம் குரல். "ரிவேரா."

என் பின்னால் ஹாலரன் வந்து நின்றதை உணர்ந்தேன். அவரும் தன் கருவியைச் செருகினார். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஸ்பானியத்தில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று பிறகு பல நாள் யோசித்தேன். எப்போதும் இங்கே இருக்கும் அம்மா எங்கே என்றேன்.

அவனும் மூச்சு விடுகிற நேரம் கூட எடுக்கவில்லை.

"சிட்னி, அப்படி ஒருவர் இங்கே இல்லை."

ராவுலைக் காப்பாற்ற அவள் சொன்ன அதே வார்த்தைகள். கதிரையின் முதுகில் ஹாலரனின் கை இருந்தது. தட்டவில்லை, பிடித்துக்கொண்டு நின்றார். நான் உருகுவேக்காரரின் அழைப்பை இணைத்துக் கொடுத்தேன். யாரோ ஒரு தாயும் மகனும் பேசினார்கள். நான் வேலையில் இருந்து ஓய்வு பெறும் வரைக்கும் அந்தக் குரலை மறுபடி கேட்கவில்லை. மார்த்தாவும் ராவுலும் எழுதி எழுதிக் கேட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை, அல்லது ஒருவரும் சொல்லவில்லை.

நேற்று ஆரணியின் செய்தி மறுபடி வந்தது.

"அங்கிள், பதிலைக் காணேல்லை? நான் இன்னும் ரெண்டு நாள் இந்த ஊரிலதான். உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருக்கினமோ? போய்ப் பாக்கிறன்."

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். எழுபதுகளில் உருகுவேப் பக்கத்து எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் வேலை செய்தவ, குடையை விரிக்காமல் நடக்கிறவ, வயதான ஆக்களிடம் விசாரித்துப் பார் பிள்ளை என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது.

"ஓம் அங்கிள், கேக்கிறன். நேம் என்ன?"

"ரிவேரா" என்று எழுதினேன்.

"அது ஊரின்ர பேரல்லோ அங்கிள்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் போட்டிருந்தாள்.